கொசுறு

கிரைஃப்ஸ்வால்டில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பால்டிக் கடற்காற்று
சைக்கிள் நிறுத்தத்தைத் தினமும் ஒருமுறை கலைத்துப் போடும்.
உள்ளே, கான்கிரீட் சுவருக்கு அப்பால்,
பிழிந்த வேட்டி போல் முறுக்கிய காந்தச் சுருள்களின் நடுவே
சூரியனின் அடிவயிற்றைவிடச் சூடான ஒன்றை
எதிலும் படாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானைக்குள் கரண்டி போகாது.
போனால் கரண்டி ஆவி, சோறும் பாழ்.
ஆகவே ஒளிக்கற்றை.
கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு,
ஒரு ஜன்னலில் நுழைந்து
எதிர் ஜன்னலில் வெளியேறும்.
எலெக்ட்ரான்கள் நெருக்கியடிக்கும் இடத்தில்
அலையின் முகடு ஒரு மயிரிழை முந்தும்,
விலகி நிற்கும் இடத்தில் பிந்தும்.

மயிரிழையை எந்தக் கருவியும் நேரே பார்ப்பதில்லை.
அதற்கென்று ஒரு தட்டு,
அதன் நடுவே ஒரு பள்ளம்,
ஆழம் அலைநீளத்தில் எட்டில் ஒன்று.
சிதறாத ஒளி பள்ளத்தில் விழுந்து எழும்,
சிதறிய ஒளி மேட்டில் பட்டுத் திரும்பும்,
மறுபடி சேரும்போது
முந்தியதும் பிந்தியதும்
வெளிச்சமும் நிழலுமாகும்.

ஆயிரத்தில் ஒன்று, அவ்வளவுதான் அந்த நடுக்கம்.
மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும்
அடுத்த அறைக்காரர்கள் எடை போட்டுக்கொள்ளட்டும்.
எனக்குக் கொசுறு.
நொடிக்கு இருபது லட்சம் முறை
முப்பத்திரண்டு சின்னக் கண்களால்
கொசுறை எண்ணித்தான் வாடகை கட்டுகிறேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன்.
கற்றை கூட்டித்தான் சொல்லும்.
மேலே இடப்பக்கம் ஓடுவதும்
கீழே வலப்பக்கம் ஓடுவதும்
ஒரே ரசீதில்.
எந்த இடத்தில் என்று கேட்டால்
கடைக்காரர் காதில் விழாது.

காலையில் கற்றையின் குறுக்கே ஒலியை அனுப்பிச் சரிபார்ப்போம்.
மனிதக் காதுக்கு எட்டாத ஒலி.
காற்று நெளியும், திரையில் ஒரு சாய்கோடு வரும்.
"என் நாய்க்குக் கேட்டிருக்கும்" என்பாள்
கரோலா டெஷென்டார்ஃப், ஒவ்வொரு காலையும், சிரிக்காமல்.

செவ்வாய். பத்தொன்பதாவது ஓட்டம்.
உறைந்த ஹைட்ரஜன், கடுகைவிடச் சற்றுப் பெரிய குண்டுகள்,
வரிசையாக உள்ளே பாய்ந்தன.
மூன்றாம் நொடியில்
என் திரை தட்டையானது.

"நைட்ரஜன் தீர்ந்துவிட்டது" என்றேன்.
"ஒரு மணிக்கு நான்தான் ஊற்றினேன்."
"லேசர்?"
"எரிகிறது."
"வடம்?"
அவள் பதில் சொல்லவில்லை.
அயனிகளின் சூட்டைப் பார்க்கும் ஓடோர்டோ
நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.
"ஏறுது" என்றான். "இன்னும் ஏறுது."

ஒழுகல் நின்றிருந்தது.
சூட்டை வெளியே கடத்திக்கொண்டிருந்த
அந்த ஆயிரத்தில் ஒன்று
உள்ளே எங்கோ அடங்கிப்போயிருந்தது.
நான் மூன்று வருடமாகத் துரத்திய சத்தம்.
அது இல்லாததைத்தான்
கருவி துல்லியமாக அளந்துகொண்டிருந்தது.
நானோ கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கரோலா லூப்மின் அணுமின் நிலையத்தில்
இருபத்து நாலு வயதில் இரவுப் பணியில் இருந்தவள்.
அதை மூடிய கதையை யார் கேட்டாலும்
காப்பி ஆறுகிறது என்று எழுந்து போய்விடுவாள்.
இன்று யாரும் கேட்கவில்லை.
"டர்பைன் நின்றபோது
நானும் முதலில் மீட்டரைத்தான் தட்டிப் பார்த்தேன்" என்றாள்.

நானூறு மில்லி நொடி.
பிறகு திரை பழையபடி கொதித்தது.
அடுத்த நாலு ஓட்டத்திலும் அந்த அமைதி வரவில்லை.
பதிவேட்டில் 'உணர்கருவி பழுது' என்று எழுதியிருந்ததை அடித்து
'பிளாஸ்மா' என்று மட்டும் எழுதினேன்.
ஓடோர்டோ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.
அதை அழிக்கவில்லை.

வெளியே சைக்கிள்கள் விழுந்து பின்னிக் கிடந்தன.
கரோலா தன்னுடையதை உருவினாள்,
இன்னும் இரண்டு சரிந்தன.
"நாளைக்கும் குண்டு போடுவார்களா?"
"தெரியாது."
"எதற்கும் பன்னிரண்டரைக்கே ஊற்றிவிடுகிறேன்" என்று
விளக்கில்லாமல் ஏறி மிதித்துப் போனாள்.